காதுமூடிக்கு ஒரு விழா

மலேசியாவில் தங்காக் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் பதினோரு வருஷமாகத் துணி கிழித்துக் கொடுக்கிற யோகேஸ்வரிக்கு, பட்டு எது பாலியெஸ்டர் எது என்று தொட்டாலே தெரியும். மனிதர்களிடம்தான் அவள் கொஞ்சம் ஏமாளி. நியாயமாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிற ரகம். அவள் கேட்டதும் பெரிய விஷயமில்லை. மகள் லோஷினி பள்ளிக்கூடத்தில் காதுமூடி மாட்டிக்கொள்ள அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

லோஷினிக்கு எட்டு வயது. ஆட்டிசம் உண்டு. பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வாள், ஆனால் பெரிய சத்தம் கேட்டால் அடி விழுந்த மாதிரி துடித்துப் போவாள். இரண்டாம் ஆண்டு வகுப்பின் வாசலுக்கு நேர் மேலே ஓர் ஒலிபெருக்கி இருந்தது. மணி, அறிவிப்பு, பாட்டு எல்லாம் அதன் வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் லோஷினி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். வெளியே வர அரை மணி நேரமாகும், அதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் சரிப்படாது என்று ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பியது. வேறு பள்ளிக்கூடம் என்றால் வேறு ஊர். கணவன் வசந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை, வாரம் ஒருமுறைதான் வீடு. பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? கடைசியில் வீட்டிலேயே உட்காரவைக்க வேண்டியதுதான்.

ஒலிபெருக்கியை நாலு அடி தள்ளி மாட்டலாமே என்றுதான் முதலில் கேட்டாள். அது நடக்கிற காரியமா? அதன் கீழே 'உபயம்: ரூபேந்திரன் குடும்பத்தார்' என்று, ஒலிபெருக்கியைவிடப் பெரிதாக ஒரு பலகை. கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதுகிற ஜனங்கள் நாம். அதிலும் ரூபேந்திரன் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். பலகை அங்கே இருந்தால்தான் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்.

சரி, காதுமூடியாவது ஆகட்டும் என்று தலைமையாசிரியர் மதிவாணனிடம் போனாள். நல்ல மனிதர். யாருக்கும் முடியாது என்று சொல்லமாட்டார், முடியும் என்றும் சொல்லமாட்டார்.

"யூனிபோர்ம்ல ஹெட்போன் கெடையாதும்மா. ஒரு பிள்ளைக்கு விட்டா நாளைக்கு எல்லாம் மாட்டிக்கிட்டு வரும்."

"அது ஹெட்போன் இல்ல சார். பாட்டெல்லாம் கேக்காது. சத்தத்தக் கொறைக்கிறது."

"அப்ப டாக்டர் லெட்டர் கொண்டாங்க."

கொண்டுவந்தாள். இங்கிலீஷில் இருக்கிறதே, மலாயில் வேண்டும் என்றார். மலாயிலும் வந்தது. சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசவேண்டும் என்றார். கூட்டம் மூன்று மாதம் கழித்துக் கூடியது. காதுமூடியைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. ஆனால் ஆட்டிசம் விழிப்புணர்வு விழா ஒன்று நடத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

விழாவுக்குப் பொன்னாடை வாங்க ரூபேந்திரன் அவள் கடைக்கே வந்தார்.

"ஆறு எடு தங்கச்சி. அதுல ஒன்னு ஒனக்குத்தான். சாதனைத் தாய்!"

"எனக்குப் பொன்னாடை வேணாண்ணே. பிள்ளைக்குக் காதுமூடி..."

"விழா முடியட்டும்லா. கல்வி இலாகா பெரிய அதிகாரி வர்றாரு. மொதல்ல விழிப்புணர்வு வரணும், அப்புறந்தான் மத்ததெல்லாம்."

தன் தோளில் விழப்போகிற பொன்னாடையைத் தானே மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள் யோகேஸ்வரி.

விழா நாளில், ஆட்டிசத்தின் அடையாள நிறமென்று எல்லோரும் நீலச் சட்டை. வாசலில் உறுமி மேளம். சத்தம் ஆகாத பிள்ளைகளுக்காக நடக்கிற விழாவுக்கு மேளம் எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மேளம் இல்லாமல் அதிகாரியை அழைத்தால் மரியாதையா? முதல் வரிசையில் லோஷினியை உட்காரவைத்து, 'என்னைப் புரிந்துகொள்ளுங்கள்' என்ற அட்டையைக் கையில் கொடுத்திருந்தார்கள். மேளக்காரர்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவள் அட்டையைப் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினாள். அவளுடைய வகுப்பாசிரியை பிரவீனா டீச்சர் பின்னாலேயே ஓடினார். யோகேஸ்வரியும் எழுந்தாள். அதற்குள் மேடையில் அவள் பேரைச் சொல்லிவிட்டார்கள்.

பொன்னாடை விழுந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் திணித்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் மைக் கீச்சென்று அலறியது. மண்டபம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது, அதிகாரி உட்பட.

சத்தம் அடங்கியதும் அவள் சொன்னாள்: "பாத்தீங்களா? எல்லாரும் காதப் பொத்திட்டீங்க. அதுக்காக ஒங்கள யாரும் வேற எடத்துக்குப் போகச் சொல்லல. எம்பொண்ணும் இதத்தான் பண்றா. ஒரு காதுமூடி மாட்ட விடுங்கன்னு அஞ்சு மாசமா அலையுறேன்."

தமிழ் தெரியாத அந்த மலாய் அதிகாரி, என்ன சொல்கிறார் என்று மதிவாணனிடம் கேட்டார்.

"நன்றி சொல்றாங்க, துவான்" என்று மதிவாணன் மலாயில் சொன்னார்.

நாள் முழுக்க மலாயில் துணி விற்கிறவளிடமா இது? "புக்கான், துவான்", அப்படி இல்லை ஐயா என்று மறுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மலாயிலேயே சொன்னாள். கைப்பையிலிருந்த காதுமூடியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, தன் காதிலேயே வைத்துப் பார்த்து, கழற்றினார்.

"போலே லா" என்றார். தாராளமாக மாட்டட்டுமே என்ற தோரணை.

மதிவாணன் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னைக்கே, துவான்! நாங்களும் அதுக்குத்தான் பாடுபட்டுக்கிட்டு இருக்கோம்." முதலில் கை தட்டியவர் ரூபேந்திரன்.

யோகேஸ்வரிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெற்றவள் ஐந்து மாதம் கெஞ்சியும் கிடைக்காதது, அதிகாரி வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்ததும் கிடைத்துவிட்டது. பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு, காதுமூடியை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

லோஷினி மேசைக்கு அடியில் இருந்தாள். பிரவீனா டீச்சர் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். யோகேஸ்வரி மகளைத் தொடவில்லை. காதுமூடியை மெல்லத் தரையில் நகர்த்தி வைத்தாள். வெகுநேரம் கழித்து ஒரு சின்னக் கை அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

வெளியே அதிகாரியை வழியனுப்ப உறுமி மறுபடி கிளம்பியது. லோஷினி தவழ்ந்து வெளியே வந்தாள். காதில் காதுமூடி, கைகள் இரண்டும் சும்மா இருந்தன. அதைப் பார்த்ததும் யோகேஸ்வரியால் தாங்கமுடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மேளம் ஜன்னலுக்கு நெருங்கி வந்தது. லோஷினி அம்மாவின் அழுத முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, தன் இரண்டு கையாலும் அம்மாவின் காதுகளைப் பொத்தினாள்.