நாள் பூட்டும் சட்டகம்

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் ஜூட்சன். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் அவன் அட்டன் நகரில், ஒரு புடைவைக் கடையின் மாடியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். அவனோடு வேலை செய்தவள் ஆர்த்திகா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியரின் மகள்.

அவன் பிறந்த தோட்டமே அவனிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. கொழுந்து நிறுவையையும் பேர் போடுவதையும் கணினியில் ஏற்றித் தர வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். குறித்த அளவு கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர். அளவு குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. ஜூட்சனின் தாய் சவரியம்மா இன்னமும் அந்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். “எம் மகன் செஞ்ச மெசினு” என்று லயத்துப் பெண்களிடம் அவள் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அவன் இந்த வேலையை ஏற்றான்.

மென்பொருள் எழுதுவோர் வெறும் நிலத்தில் தொடங்குவதில்லை. தூணும் உத்தரமும் முன்பே நிறுத்தப்பட்ட ஒரு சட்டகத்தை எடுத்து, அதற்குச் சுவர் எழுப்புகிறார்கள். ஜூட்சனுக்கு முன்னால் இரண்டு சட்டகங்கள் இருந்தன. ஒன்று, ஆடைத் தொழிற்சாலைகளின் துண்டுக்கூலிக் கணக்குக்கென்று கொழும்பில் யாரோ ஆக்கியது. பாதி வேலை அதிலேயே முடிந்திருந்தது. ஆனால் அதன் உட்புறத்தைத் திறந்து மாற்ற வழியில்லை. மற்றது வெறும் எலும்புக்கூடு. எல்லாவற்றையும் தாமே எழுத வேண்டும், மாதக்கணக்கில் பிடிக்கும், வேண்டியபடி வளைக்கலாம். உயிர்த்த ஞாயிறுக்குள் வேலை முடிய வேண்டும் என்று தோட்டத்து மேலாளரான துரை கேட்டிருந்தார். ஜூட்சன் முதலாவதைத் தேர்ந்தான்.

ஆர்த்திகா ஒரு வாரமாக நிறுவை நடக்கும் கொட்டகைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“செல்லசாமி கணக்கப்பிள்ளை என்ன செய்யிறார் தெரியுமோ?” என்றாள். “ஒருத்தி நேற்றுக் கூட எடுத்த கொழுந்தை, இண்டைக்கு அவளுக்குக் குறைஞ்ச இடத்தில போட்டுவிடுறார். முழுப்பேர் விழுந்திடுது.”

“அது சின்னதுல இருந்தே எனக்குத் தெரியும். அவரு மனசுல வச்சிருக்கிற கணக்கு. மெசினுக்கு அது எதுக்குங்க?”

“இந்தச் சட்டகம் கடைசி நிறுவை முடிஞ்ச உடனை அந்த நாளின்ரை கணக்கைப் பூட்டிப்போடும். பிறகு ஆரும் திறக்கேலாது. நீங்களும்தான்.”

“லயத்துல பொறந்தவன் நான். எனக்கே பேர் போடச் சொல்லித் தர்றீங்களா?”

“பிறந்தது நீங்கள்தான். போய் நிண்டு பாத்தது நான்” என்றாள் ஆர்த்திகா. அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. அந்த வேலை முடிந்ததும் கொழும்பில் வேறிடம் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து, கொட்டகையில் புதிய தராசும் கணினியும் வைக்கப்பட்டன. சவரியம்மா வெளுத்து மடித்த சேலை உடுத்தி வந்திருந்தாள்.

“சவரி, எங் கூடையில நான் போட்டிருக்கிற கல்லையும் ஒம் மகன் மெசினு கண்டுபிடிச்சிருமாடி?” என்று கேட்டாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா.

“கல்ல மட்டுமா? ஒம் புருசன் எங்க குடிச்சிட்டு விழுந்து கெடக்கான்னும் சேத்துச் சொல்லும்!”

கொட்டகையே சிரித்தது. தாயின் முகத்தில் அன்று இருந்த மலர்ச்சியைப் பார்த்தபோது, தான் எடுத்த முடிவு சரியே என்று ஜூட்சன் நம்பினான்.

கொழுந்து நிறைந்த மாதங்களில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனியில் காற்றும் மழையும் இறங்கின, கொழுந்து குறைந்தது. முழங்கால் வலிக்காரிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அளவுக்கு எட்டாமல் நின்றார்கள். செல்லசாமி வழக்கம்போல முந்திய நாளின் மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னார். கணினியில் கணக்குப் பதியும் கிளாக்கர் றோலண்ட் திரையைக் காட்டினார்.

“பூட்டியாச்சு, கணக்கப்பிள்ளை. என்னாலயே தொறக்க முடியாது.”

அந்த மாதம் லயம் முழுவதும் அரைப்பேர் விழுந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த வீரம்மாவின் மகளுக்கு மற்றெல்லாரையும்விடக் கூடுதலாக விழுந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் சவரியம்மாவைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

செய்தி எட்டியதும் ஜூட்சன் துரையிடம் ஓடினான். மற்றச் சட்டகத்தில் எல்லாவற்றையும் புதிதாக எழுதித் தருவதாகவும், கூலி வேண்டாம் என்றும் சொன்னான்.

“எதுக்கு?” என்றார் துரை. “கணக்கப்பிள்ளை கை வைக்க முடியாத கணக்குத்தானே எனக்கு வேணும். நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க.”

பிறகும் அவன் விடவில்லை. அட்டன் மாடியில் பல வாரங்கள் அந்தப் பூட்டைத் திறக்க முயன்றான். உள்ளே போவதற்கு வழியே கிடைக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் றோலண்ட் தொலைபேசியில் அழைத்தார். ஒரு தொழிலாளியின் பேரைப் பதிவிலிருந்து வெட்ட வேண்டும். அதற்கு மென்பொருள் எழுதியவனின் கடவுச்சொல்லைக் கணினி கேட்கிறது. நேரில் வந்தால் நல்லது. ஜூட்சன் பஸ் ஏறிப் போனான். றோலண்ட் இழுத்துப் போட்ட நாற்காலியில் அமர்ந்து, திரையில் இருந்த பேரைப் படித்தான்.

“யாரு கேட்டது?”

“அம்மாதான். வெளியில நிக்கிறாங்க.”

சன்னல் கம்பிகளுக்கு அப்பால் சவரியம்மா நின்றாள். முதுகில் கூடை தொங்கியது.

“என்னம்மா இது? யாரு ஒங்களத் திட்டுனது?”

“திட்டுனா கேட்டுக்குவேன் தம்பி. யாரும் திட்டல.” அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அரைப்பேர் விழுந்தா, பெத்தவளுக்கே போட்டுட்டான்னு சிரிக்கிறாங்க. முழுப்பேர் விழுந்தா, மகன் மெசினுல சொல்லி வச்சிருக்கான்னு சொல்றாங்க. மலையில என் பக்கத்து நெரையில யாரும் நிக்கிறதில்ல. நான் எப்படித் தம்பி கொழுந்து எடுக்கிறது?”

“கொஞ்ச நாள் பொறுங்கம்மா. நான் மாத்திர்றேன்.”

“ஒன்னால முடியாதுன்னு கிளாக்கர் ஐயா சொல்லிட்டாரு. வெட்டிரு.”

“அப்ப என்னோட அட்டனுக்கு வந்திருங்க.”

“கினிகத்தேனையில ஒங்க சின்னம்மா வரச் சொல்லியிருக்கா. அங்க போறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

அவன் விசைப்பலகைப் பக்கம் திரும்பினான். கடவுச்சொல்லைப் பதித்தான். உறுதிதானா என்று கணினி கேட்டது. றோலண்ட் எழுந்து போய்ச் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டார். ஜூட்சன் விசையை அழுத்தினான். பேர் மறைந்து, அடுத்த பேர் மேலே ஏறியது.

சவரியம்மா தோட்டத்துக்குச் சொந்தமான கூடையைக் கழற்றி வாசலில் வைத்தாள். பெண்கள் நிறுவைக்கு இறங்கி வரும் நேரம் அது. அவள் அந்தப் பாதையை விட்டு விலகி, தொழிற்சாலையைச் சுற்றிப் போகும் நீண்ட வழியில் நடந்தாள்.