மேஸ்திரி பிடித்த மறுமுனை

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. நான் பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுவிட்டுப் போனது ஒன்று. ஐந்தையும் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் நின்று நின்றே வளர்த்தேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். புரியாத இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பார்க்கட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எங்கள் டேனரி மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத் தோல் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், வழுக்கும். அதை ஒற்றை ஆள் தூக்கக் கூடாது. ஒருவர் ஒரு முனையைப் பிடித்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் கேட்காமலே மறுமுனையைப் பிடிப்பார்கள். காலையில் குழாயடியில் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டவர்களும் பிடிப்பார்கள். எங்களுக்கு அதைக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தவர் மேஸ்திரிதான்.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. அதனால் வெள்ளியன்று எடுக்கும்படியாகத் தோலை ஊறப்போட மாட்டார்கள். ஒரு வாரம் மேஸ்திரி நாள் கணக்கைத் தவறவிட்டதில், ஒரு தொட்டித் தோலை வெள்ளியன்றே எடுக்க வேண்டியதாகிவிட்டது. எடுக்காமல் விட்டால் ஒரு தொட்டித் தோலும் பாழ். முதலாளிக்குத் தெரிந்தால் மேஸ்திரிக்குத் தலைகுனிவு. யாருக்கும் சொல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ போய் ஆரம்பி, நமாஸ் முடிச்சிட்டு நானும் வந்துர்றேன்" என்று, அப்போது அவருக்குக் கீழே வேலை பார்த்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து என் காதால் கேட்டேன். தொழுகை முடிந்ததும் யாரோ அவரை மாதனூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே சாப்பிட்டு உட்கார்ந்ததில் மறந்தே போனார்.

என் வீட்டுக்காரர் தனியாக இழுத்து, வழுக்கி, தொட்டிக்குள் விழுந்தார். பொழுது சாயும்போதுதான் வாட்ச்மேன் பார்த்தார். இடுப்பு உடைந்தது, ஒரு கண் போனது. மறுநாள் முதலாளி கேட்டதற்கு மேஸ்திரி, "யாரும் கூப்புடல மொதலாளி. குடிச்சிட்டு தானா வந்து வுழுந்திருக்கான்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் பாக்குகூடப் போடாத மனிதர். நடந்ததை நான் சொன்னேன். மேஸ்திரியின் சொல்லுக்கு முன்னால் அது எடுபடவில்லை. பதினொரு வருடம் என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம், "இனிமேலாச்சும் குடிக்காம பாத்துக்கமா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். செத்த பிறகும் ஊரில் அவர் குடிகாரர்தான்.

ஐந்து பிள்ளைகள் இருந்தன. அதே மேஸ்திரிக்குக் கீழேயே வேலைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன். தோல் தூக்கும்போது மறுமுனையை மட்டும் பிடிப்பேன்.

டேனரி மூடிப் பல வருடம் கழித்து, சென்னையிலிருந்து நாடகம் போடுகிற ஒரு அம்மா வந்தார். டைரக்டரம்மா என்போம். பாழடைந்து கிடந்த டேனரிக்குள்ளேயே, அங்கே வேலை பார்த்த எங்களையும் வைத்து நாடகமாம். மேடை கிடையாது, வசனம் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் தொட்டி தொட்டியாக எங்கள் பின்னாலேயே நடந்து வர வேண்டும். என்னோடு வேலை பார்த்த முனியம்மா, "குந்த சேர் இல்ல, கேக்க பேச்சு இல்ல. இது இன்னா நாடகமா, எழவு வூடா?" என்றாள்.

கதை யூதர்களுடையது. ஏதோ ஒரு தேசத்தில் அவர்களை ஊரார் அடித்து விரட்டிய காலத்தில், அவர்களுடைய பெரியவர் ஒருவர் ஆற்றுக் களிமண்ணில் ஒரு ஆளைச் செய்தாராம். கடவுள் பெயர் எழுதிய சீட்டை வாயில் வைத்ததும் அவன் எழுந்துகொண்டானாம். காவல் காப்பான், தண்ணீர் சுமப்பான், பேச்சு மட்டும் வராது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள். அதற்குள் சீட்டை எடுத்து அவனையும் ஓய விட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பெரியவர் மறந்துபோய்த் தொழப் போய்விட்டார். நிறுத்தத் தெரியாமல் அவன் வேலை செய்துகொண்டே இருந்தானாம், வெறி பிடிக்கும் வரைக்கும்.

டைரக்டரம்மாவுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. தாடி நன்றாக இருக்கிறது என்று மேஸ்திரியையே பெரியவராக நிற்கச் சொன்னார். "களிமண்ணுல மனுசன பண்ண கத எங்கள்லயும் இருக்குதும்மா. சீட்டுதான் புச்சு" என்று சிரித்தவர், வெள்ளிக்கிழமை என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். மாட்டேன் என்பார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நாடகத்தில் நான் குடம் சுமக்கிற ஊர்ப் பெண்களில் ஒருத்தி. நடந்ததைச் சொல்ல ஒருமுறையாவது அவர் வாய் திறப்பாரா என்று பார்க்கத்தான் ஒப்புக்கொண்டேன்.

மூன்று நாள் நடந்தது. பெரியவர் கை கழுவிவிட்டுக் கதவைத் தாண்டிப் போக வேண்டும். களிமண் பூசிய பையன் தனியாகத் தொட்டியிலிருந்து ஈரத் தோலை இழுத்துக்கொண்டே இருப்பான். ஒன்பது தோல் ஆன பிறகு அவர் திரும்பி வந்து சீட்டை எடுக்க வேண்டும். இரண்டு நாள் அப்படியே செய்தார். மூன்றாம் நாள் கூட்டத்தில் பாதிப் பேர் பழைய டேனரி ஆட்கள். மேஸ்திரி கை கழுவினார், கதவு வரைக்கும் போனார், நின்றார். பையன் முதல் தோலை இழுத்தான், கால் வழுக்கியது. மேஸ்திரி திரும்பி வந்து, கைலியை மடித்துக் கட்டி, தொட்டிக்குள் இறங்கி மறுமுனையைப் பிடித்தார். பையன் திகைத்துப்போனான். ஒன்பது தோலையும் இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டார்கள். முனியம்மா என் கையை அழுத்தினாள்.

முடிந்ததும் டேனரியின் பின்பக்கம் மேஸ்திரி என்னிடம் வந்தார். எண்பது வயதுத் தாடி முழுக்கக் களிமண்.

"உன் வூட்டுக்காரர நாந்தாம்மா வரச் சொன்னேன். அவர் குடிக்கல."

"அது எனக்குத் தெரியும் பாய். ஊருக்குச் சொல்லுங்க."

"இப்பதான் எல்லாரும் பாத்தாங்களேம்மா."

"பாத்தாங்க. காதால யாரும் கேக்கல."

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றார். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். வந்தார், டீ குடித்தார், இரண்டு முறை தொண்டையைச் செருமினார். "வெயிலு ஜாஸ்தியாய்டுச்சி" என்றார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். தொட்டியருகே கத்தினால் மெயின் ரோட்டுக்குக் கேட்கும் குரல் அது. பிறகு அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே காலமாகிவிட்டார்.

செய்தி கேட்டு நான் அழவில்லை, திட்டவும் இல்லை. அசதியாக இருந்தது, படுத்துக்கொண்டேன். அன்று அவர் தொட்டியில் இறங்கியதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்து யாரும் என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை என்று பேசிக்கொள்ளவில்லை. கிழவர் நன்றாக நடித்தார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

போதும்மா, பேனாவ மூடு. எங்க, மொதல்லேர்ந்து படிச்சிக் காட்டு. மனசுக்குள்ள முணுமுணுன்னு படிக்காத. வாசக் கதவத் தெறந்து வெச்சிட்டு, தெருவுக்குக் கேக்குற மாதிரி படி.