அத்தை அனுப்பும் ரோஜா

அப்பாவைக் கோரிமேட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் ஆகியிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, எந்த நேரமும் ஆபரேஷன் செய்ய வேண்டிவரலாம் என்றார்கள். அவருடையது எளிதில் கிடைக்காத ரத்த வகை. வீட்டில் அதே வகை எனக்கு மட்டும்தான். ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்க முடியாது என்பதால் தம்பி அங்கே, நான் வைத்திக்குப்பத்து வீட்டில். வார்டுக்குள் போன் பேச விடமாட்டார்கள், மெசேஜ் போடுகிறேன், பார்த்த உடனே வந்துவிடு என்று சொல்லியிருந்தான்.

போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். டிங். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தால், குடும்பக் குழுவில் வெந்தயத்தின் மகிமை. டிங். தவளக்குப்பத்துச் சித்தப்பா ஒரு கோயில் கோபுரம் அனுப்பியிருப்பார். ஒவ்வொரு டிங்குக்கும் எழுந்து செருப்பைத் தேடினேன். எல்லாரையும்விட மோசம் பிரான்சில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை. அங்கே அவள் பத்தரைக்குப் படுக்கப் போகும்போது இங்கே இரவு மணி இரண்டு. சரியாக அப்போது ஒரு சிவப்பு ரோஜா வரும், அதன்மேல் பிரெஞ்சில் இரவு வணக்கம். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இவளுக்கு ரோஜா கேட்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

போனில் எதையாவது தொட்டு வைத்தால் தம்பியின் மெசேஜும் சத்தமில்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு இரவு பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் இரவு முடியவில்லை. குழுவை மட்டும் மியூட் செய்தேன். தம்பியை ஒரு புள்ளி அனுப்பச் சொல்லிச் சரிபார்த்தேன். டிங் என்றது. அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

போன் அடித்து எழுந்தேன். அத்தை. மணி ஒன்றே கால்.

"குரூப்பப் பாக்கலியாடி நீ? அப்பாவுக்கு ரத்தம் வேணுமாம். உடனே கெளம்பு."

பதற்றத்தில் தம்பி எனக்கு அனுப்புவதாக நினைத்துக் குழுவில் போட்டுவிட்டான். போட்ட கையோடு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு ரத்த வங்கிக்கு ஓடியிருக்கிறான். இங்கே எல்லாரும் தூக்கத்தில். விழித்திருந்தவள் அத்தை ஒருத்திதான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் தூக்கத்தால்தான் என்று கோரிமேடு போய்ச் சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

ரத்தம் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்து, இனி பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது விடிந்திருந்தது. தம்பி அதைக் குழுவில் போட்டான். நான் என் போனைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழு இன்னும் மியூட்டில்தான் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சத்தமில்லாமல் ஒரு சிவப்பு ரோஜா வந்தது, இரவு வணக்கத்தோடு.

மணி ஆறு. அங்கே நடுராத்திரி தாண்டி இரண்டரை. அதுவரை அத்தை படுக்கவே இல்லை.