எட்டு மாதம் பொறுத்த கண்டக்டர்

போன வாரம் மருமகன் ஒரு கேம் டிஸ்க் வாங்கி வந்து என் எதிரிலேயே உறையைக் கிழித்தார். அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை ஒன்று போதும், மனசு அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் பழைய கேம் கடையில் போய் நின்றுவிட்டது.

"எல்லா மிஷினுக்கும் ஒரே நாள்ல ரிலீஸுங்க மாமா" என்றார், ஏதோ தானே ஏற்பாடு செய்த மாதிரி.

நான் ஆறாவதோடு நின்றவன். ஆனாலும் அரூரில் முதன்முதலாக டிவியில் கேம் மிஷினை மாட்டி, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஊரை ஆட வைத்தவன் நான்தான். வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன். எதிர்ச்சாரியில் கரீம் பாய் கடை போட்டதெல்லாம் அப்புறம். என்னுடையது கறுப்பு மிஷின். அவருடையது வெள்ளை, வேறு கம்பெனி. அதில் ஓடும் டிஸ்க் இதில் ஓடாது.

அந்த வருடம் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த ஒரு சண்டை கேம், பாயின் மிஷினுக்கு முதலில் வந்துவிட்டது. நம்முடையதற்கு எட்டு மாதம் கழித்துத்தானாம். "நீங்களும் ஒரு வெள்ள மிஷின் போட்டுருங்க" என்றார் சேலத்து டிஸ்க் வியாபாரி. யாருக்கு யோசனை சொல்கிறார்! வாலிபத்தில் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவன் நான். சேலத்தில் ஓடித் தேய்ந்த படம், கோடு கோடாக மழை பெய்தபடி மாதக்கணக்கு கழித்து எங்கள் கொட்டகைக்கு வரும். அப்போதும் மணலில் உட்கார இடம் இருக்காது. கதை தெரிந்தவன்தான் முதல் ஆளாக வருவான். கேமும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன்.

என் கடைக்கூட்டம் ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டியது. மிஞ்சியவர் சேகர் ஒருவர்தான், திருவண்ணாமலை ரூட் கண்டக்டர். "அண்ணன் வரும்னு சொன்னா வரும்ங்க" என்று பழைய கார் ரேஸையே எட்டு மாதம் ஓட்டினார்.

டிஸ்க் வந்தது. வாசலில் வாழைமரம் கட்டினேன். டிவிக்கு மாலை. போன கூட்டமெல்லாம் திரும்பி வந்தது. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. "அத பாய் கடையிலயே முடிச்சுட்டமுங்க" என்று சேகரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"கண்டக்டரண்ணா, அந்தக் கதவத் தொறக்காதீங்க. உள்ள மூணு பேரு."

"அந்தத் தாடிக்காரன நம்பாதீங்ணா. கடைசில காட்டிக் குடுக்கறதே அவந்தான்."

சேகர் ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "வண்டிக்கு நேரமாச்சுங்க" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

முடிவு தெரிந்தவன் படத்துக்கு டிக்கெட் எடுப்பான். கேமுக்கு வேடிக்கை பார்க்கத்தான் வருவான். இதை அரூரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவனும் நான்தான். கண்டுபிடித்த கையோடு கடையை மூடினேன்.

பாய் இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஆளுக்கு ஆள் கையில் செல்போன். இன்று என் கடையில் செல் கவர் தொங்குகிறது, அவர் கடையில் பரோட்டா வீசுகிறார்கள். கேம் உலகத்துக்கே ஒரே நாளில் வந்துவிடுகிறது. நல்லதுதான். யாரும் யார் பேச்சை நம்பியும் பொறுத்திருக்க வேண்டாம்.

"காபி ஆறுது மாப்ள. குடிச்சுட்டுப் போடுங்க" என்றேன்.

டிஸ்க் அதற்குள் மிஷினுக்குள்ளே போய்விட்டிருந்தது.