துப்பாக்கி இல்லாத காட்சி

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, காலி வீதியில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தபோது, அன்ரியின் மகன் ஜூட் அழைத்தான். "அக்கா, அம்மா போயிட்டா." அடுத்த தரிப்பில் இறங்கி, நடைபாதையில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை. கொட்டாஞ்சேனை ரெஜினா அன்ரியை அறிந்த நீங்களும் இந்தக் கிழமை எங்கேயாவது நின்று அழுதிருப்பீர்கள்.

துறைமுகத்தை ஆட்டிவைத்த இரண்டு குடும்பங்களைப் பற்றி நான் எழுதிய தொலைக்காட்சி நாடகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதில் வரும் ஒரு சண்டியர், அன்ரியின் அப்பா. ஊரே நடுங்கிய அந்த மனிதர் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளின் சப்பாத்துகளைத் தானே துடைத்து வைப்பாராம். "அவரை ஹீரோ ஆக்காதே, வில்லனும் ஆக்காதே. வீட்டில நாங்களும் பயந்த ஒரு மனுசன். அப்படியே எழுது" என்றார் அன்ரி.

நானா அப்படியே எழுதுவேன்? ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு செத்த வீடு வைத்தேன். எதிர்க்குடும்பத் தலைவர் பெட்டியில் கிடக்கிறார். அஞ்சலி செலுத்த வந்த பகையாளியை, இறந்தவரின் மகன் வாசலிலேயே சுடுகிறான். இயக்குநர் கைதட்டினார். நானும் மிதந்தேன்.

ஒளிபரப்பான மறுநாள் விடியவே அன்ரியின் அழைப்பு. "பிள்ளை, உனக்கு மூளை இருக்கா? செத்த வீட்டுக்கு ஆரும் வரலாம், கோப்பி குடிச்சிட்டுப் போகலாம். எந்தச் சண்டியனும் அங்க கை வைக்கமாட்டான். கொட்டாஞ்சேனையில பிறந்த பூனைக்கும் இது தெரியும்!"

அவருடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜூட் விரும்பிய ஷர்மிளா, அந்த எதிர்க்குடும்பத்தின் பேத்தி. அந்தக் குடும்பம் அப்போது வெள்ளவத்தைக்கு மாறியிருந்தது. கலியாணப் பேச்சு பாதி தூரம் வந்திருந்தது. நாடகத்துக்குக் கதை கொடுத்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும். தங்களைப் பற்றி அன்ரி பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்து, ஷர்மிளாவின் அப்பா அன்ரன் பேச்சை நிறுத்திவிட்டார். ஜூட் சாப்பிடுவதையும் நிறுத்தியிருந்தான்.

அன்ரனுக்கு ஒரு செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "போனுக்குப் பின்னால ஒளியாதே. முகத்தைக் காட்டு" என்று என்னை ஓட்டோவில் ஏற்றி அவர்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார் அன்ரி.

அன்ரன் இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: "அன்ரி எனக்குச் சொன்னது வேற. உங்கட அப்பா செத்தப்போ அவவின்ர அப்பா தனிய வந்தவராம். உங்கட அம்மா கோப்பி குடுத்தவவாம். அதோட வெட்டுக்குத்து நின்றதாம். சுட்டது என்ர கற்பனை."

அன்ரன் சொன்னார்: "எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. அந்தாளை மறிக்க வாசலில நின்றனான். அம்மா 'வழி விடடா' எண்டா. விட்டனான்." பிறகு கேட்டார்: "அதை ஏன் நீங்கள் எழுதேல்ல?"

"அதில சண்டை இல்லையே எண்டு நினைச்சிட்டன், ஐயா."

"அந்த வாசலில நின்றவனைக் கேளுங்கோ, சண்டை இருந்ததா இல்லையா எண்டு," என்றார். அதற்குப் பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார்.

அடுத்த ஆண்டு கலியாணம் நடந்தது. அவர்களுடைய குழந்தை அமலியின் ஞானஸ்நானத்தில் அன்ரி என்னை ஞானத்தாயாக நிறுத்தினார். பரிசென்று நினைத்தேன், தண்டனையாம். "ரெண்டு பக்கத்துக் கதையும் தெரிஞ்சவள் நீதான். இவள் கேட்டா ஒண்டும் மறைக்காமச் சொல்லு. சுத்துமாத்து வேண்டாம்."

அன்ரியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கட்டளைதான். நேற்று அடக்கம் முடிந்து வந்து, ஆறு வயது அமலி என் மடியில் ஏறினாள். இரண்டு பூட்டன்மாரின் கதையைத் தொடங்கினேன். பாதியில் மறித்தாள்.

"அதில ஆர் கெட்டவர்?"

"ரெண்டு பேரும்தான், குஞ்சு."

"பிறகு?"

"பிறகு நீ பிறந்தனி."