கிளட்ச் அக்காவின் சீழ்க்கை

“சைடு கண்ணாடியப் பாரு, சிக்னலப் போடு, அப்புறம் சாய்ச்சு எடு.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கிளட்ச் அக்காவின் முன்பற்களுக்கு நடுவிலிருந்து மூன்று சீழ்க்கைகள் கிளம்பிவிடும். மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. ‘சை’ நீளம், ‘சி’ கூர்மை, ‘சா’வில் பாதி காற்றுதான். புதிதாகக் கற்க வருகிறவர்கள் தெருவில் போலீஸ்காரர் ஊதுகிறார் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடுவார்கள். முதல் நாள் நானும் மிதித்தேன். “அது நான்தான், நீங்க போங்க” என்றார்.

ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். கற்பவரின் பக்கத்து இருக்கையில் உட்காரும் அவர் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. கிளட்சை வெடுக்கென்று விடுகிறவர்களை அவரால் பொறுக்கவே முடியாது. பெயர் அப்படி வந்ததுதான். வாய் ஓயாதவர். வழியில் ஒரு வீடு தெரிந்தால் போதும், அதில் இருப்பவர் எந்த வருடம் தன்னிடம் கற்றார், எத்தனை முறை தேர்வில் தவறினார் என்பதெல்லாம் வந்துவிழும்.

அந்த வாய் சில வாரங்கள் மூடிக் கிடந்திருக்கிறது.

போன வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் ஒரு பெண் இவரிடம் கற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவில் குலுங்கினால் திரும்பி வரும்போது அவருக்குத் தலை சுற்றும். அதனால் ஒரு பழைய காரை வாங்கி நிறுத்திவிட்டு, ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். அன்று அக்காவின் பேனா காலடியில் விழுந்தது. எல்லோரையும் பெல்ட் போடச் சொல்லித் திட்டுகிற அக்கா, தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே ஓடியது. எழுத்தர் பிரேக்கை மிதித்தார். நாய் பிழைத்தது. அக்காவின் முன்பற்கள் நான்கு போயின.

கட்டிய பல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்து “சரி” என்று சொன்னதும் விசில் வந்தது. அக்காவின் கணவர் தையல்காரர். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, “குக்கர் எத்தனாவது விசில்?” என்று கேட்டுவிட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். பல் டாக்டரிடம் இரண்டு முறை போய் இழைத்ததில் கொஞ்சம் குறைந்தது. “நாக்க ஒரு நூல் பின்னால வச்சுப் பழகுங்க. மிச்சம் இருக்கறது இருக்கத்தான் செய்யும்” என்றார் டாக்டர்.

அக்கா வேறு வழி கண்டுபிடித்தார். சீழ்க்கை வரும் சொற்களையே ஒதுக்கிவிட்டார். ஸ்டியரிங் ‘வட்டம்’ ஆனது. சிக்னல் ‘விளக்கு’ ஆனது. “விளக்கு வந்தா வட்டத்தத் திருப்பு” என்றால் யாருக்கு என்ன புரியும்? வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால் எடுக்காமல், ‘வேலையாக இருக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினார். ஊர்க்கதைகள் நின்றன.

ஒரு நாள் சாயங்காலம், ஒரு கல்லூரி மாணவன் காரை ஓரமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். சைக்கிளில் ஒருவர் வருவதை அவன் பார்க்கவில்லை. அக்கா பார்த்துவிட்டார். “ஸ்டாப்” நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு ‘நில்லு’வைத் தேடிப் பிடிப்பதற்குள் சைக்கிள் பக்கத்தில் வந்துவிட்டது. கடைசியில் அவர் கால்தான் பிரேக்கை மிதித்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முன்னால் உட்கார்ந்து அழுதார். “வார்த்தையத் தேடிக்கிட்டு இருந்தேங்க. அதுக்குள்ள ஒரு உயிர் போயிருக்கும்.”

கணவர் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். “முப்பது வருஷமா நான் வாயில ஊசிய வச்சுக்கிட்டேதான் உங்கிட்டப் பேசுறேன். ஒரு நாளாச்சும் புரியலேன்னு சொல்லியிருக்கியா?”

அன்று முதல் தினமும் அரை மணி நேரம் பயிற்சி. அக்கா காரோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உரக்க வாசிப்பார்: சைலன்சர், சஸ்பென்ஷன், ஸ்பேனர். தையல்காரர் காஜா எடுத்துக்கொண்டே கேட்பார். “ஸ்பேனர் பரவாயில்ல. சைலன்சர் மட்டும் பேருக்கு ஏத்த மாதிரி இல்ல” என்பார். அக்கா சிரித்துவிடுவார்; சிரிப்பிலும் ஒரு விசில் இருக்கும்.

தைரியம் வந்ததும் முதல் போன் மகளுக்கு. இரண்டாவது எழுத்தருக்கு. அவர் விபத்துக்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை.

“சௌக்கியமா?” என்றார் அக்கா. வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லில் தொடங்கினாராம். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

“நான் பண்ணதுதானேக்கா இது? இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்.”

“பல்லு போனது நான் பெல்ட்டக் கழட்டுனதால. இருபது வருஷத்துல, நான் சொல்றதுக்கு முன்னாடியே சரியா பிரேக் போட்ட ஆளு நீ ஒருத்திதான். சனிக்கிழமை காலைல ஏழு மணி. சாக்கு சொல்லாம வந்து சேரு.”

அந்த ஒரு மூச்சில் எத்தனை விசில் வந்திருக்கும் என்று நான் கேட்டேன். “எண்ணல. அவ வந்துட்டா” என்றார்.

எழுத்தர் இரண்டாவது முயற்சியில் தேர்வில் தேறினார். மறுநாளே கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய முறை. தனியாக ஓட்டப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்று கேட்டதால் அக்கா போனார். இதை எழுத்தர்தான் என்னிடம் சொன்னார். கணவரைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, அவர் அக்காவுக்காக முன் கதவைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார்.

அக்கா அந்தக் கதவைச் சாத்தினார். நோயாளியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மனைவியின் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு பின் இருக்கையில் ஏறி, வசதியாகச் சாய்ந்து, கார் கிளம்புவதற்கு முன்பே கண்களை மூடிக்கொண்டார்.