ஜன்னலடி மெசின்

துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு மாடியில் இங்கிலீஷ் டைப்பிங் வகுப்பு நடந்தது. மாலையில் நாங்கள் அடிக்கும்போது ஒருவர் கீழே வந்து நிற்பார். படகுகளில் தேயிலைப் பெட்டி ஏற்றுபவர். தோள் காய்த்துப்போயிருக்கும், சேர்ட்டெல்லாம் தேயிலைத் தூள். ஜன்னலுக்கு நேர் கீழே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

"ஜன்னலடி மெசின் என்ர மகள். எத்தனை பேர் அடிச்சாலும் அவவின்ர சத்தம் எனக்குத் தெரியும், தம்பி" என்றார் ஒருநாள். படிப்பு இடையில் நின்றுவிடக் கூடாதென்று, அவளுடைய முழு வகுப்புக் காசையும் வட்டிக்கு வாங்கி முன்கூட்டியே கட்டியிருந்தார்.

அந்த வருஷம்தான் அரசாங்கம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. அரசாங்க அலுவலகங்களில், கந்தோர்களில் எல்லாம், இனிச் சிங்களத்தில் அடிப்பவர்களுக்குத்தான் வேலை என்றார்கள். மகள் வகுப்புக்கு வருவதை விட்டாள். எனக்கு அப்பாவின் சிநேகிதருடைய கம்பனியில் வேலை காத்திருந்தது. நான் தொடர்ந்து போனேன்.

சில மாதம் கழித்து, ஒரு மாலை அவர் அதே இடத்தில் நின்றார்.

"மகள் இப்ப வாறேல்லையே, ஐயா?"

"ஓம் தம்பி, தெரியும். வட்டிக் காசு குடுத்துப்போட்டு வாறன். கடன் முடிய இன்னும் கனகாலம் கிடக்கு. அதுவரைக்கும் சத்தத்தையெண்டாலும் கேட்டிட்டுப் போவமெண்டு நிக்கிறன்."

மேலே போய், சும்மா கிடந்த ஜன்னலடி மெசினில் உட்கார்ந்து அடித்தேன். ஒரு வரி முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். அவர் போய்விட்டிருந்தார். அது மகளின் கை இல்லையென்று கண்டுபிடித்துப் போனாரா, மகளின் கைதான் என்று நினைத்துத் தாங்காமல் போனாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.